பிள்ளைகளுக்கு ஒரு மேசை கிடைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த்தில் 30 வருடம் லோரி ஓட்டியவன் நான். இப்போது இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க ஜிஎம்சி நிறுவனத்தின் இரண்டரை டன் ராணுவ லோரியை 1/35 அளவில் சிறு மாதிரியாகச் செய்கிறேன். நிஜ லோரி ஏறக்குறைய 6.5 மீட்டர், என் மேசையில் 18 சென்டிமீட்டர் சொச்சம்.

பாகங்களை ஒட்டுவது சுலபம். பழசாக்குவதுதான் வேலை. துருநிறத்தின் மேல் ஹேர் ஸ்பிரே அடித்து, காய்ந்ததும் பச்சை அக்ரிலிக் பூசி, ஈரத் தூரிகையால் தேய்த்தால் பச்சை உரிந்து துரு தெரியும். சரி, எங்கே தேய்ப்பது? கால் வைத்து ஏறும் படி, சாமான் உரசும் பின்கதவு விளிம்பு. அங்கேதான் சாயம் முதலில் போகும். ஓட்டியவனுக்கு அது தெரியும். அப்புறம், சக்கர வளைவுக்குள் காய்ந்த சேறு.

பினாங்கு நூலகங்கள் பள்ளி விடுமுறையில் ஒரு மேசை ஒதுக்கினால், நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர நான் தயார்.

ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர்,
பட்டர்வொர்த்