தாய் வழியே இறங்கும் அடிமைத்தனம்

ஆசிரியருக்கு,

அடிமைமுறையை ஒழித்ததாக மேற்கு ஆப்பிரிக்க நாடான மொரிட்டானியா அறிவித்தது 1981-ல், உலகிலேயே கடைசியாக. சரி, அடிமை வைத்திருப்பவரைத் தண்டிக்கச் சட்டம்? அதற்கு 2007 ஆனது. 2015-ல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். தண்டனை பெற்றவர்களோ மிகச் சிலர்.

அங்கே கறுப்பின அடிமைகளின் வழிவந்த ஹராத்தீன் மக்களிடையே அடிமைத்தனம் தாய் வழியே இறங்குகிறது. தாய் அடிமையென்றால் வயிற்றுப் பிள்ளையும் எஜமானின் சொத்து. விடியுமுன் எஜமானின் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும் அந்தப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ்கூட இருக்காது. எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும்? நினைத்தாலே வயிறு எரிகிறது.

இதை எதிர்த்த பிராம் தா அபைதைப் பலமுறை சிறையில் தள்ளினார்கள். அவரே அதிபர் தேர்தலில் மூன்று முறை இரண்டாமிடம் வந்தார். இதையெல்லாம் நம் பத்திரிகைகள் ஏன் எழுதுவதில்லை? நீங்களாவது எழுதுங்கள்.

ஒரு வாசகர், திண்டுக்கல்