ஜேசிபி மேல் பழி போட்ட கதை

மகேஷ்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால்தான் உட்கார முடிந்தது. பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் இரண்டு வாங்கியிருக்கிறேன், ஃபைபர் (ஒளியிழை) கேபிள் மாட்டும் போர்ட்டெல்லாம் மூடியே இல்லாமல் கிடக்கிறது, துடைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். துடைக்கலாம், ஆனால் நம் பழைய முறையில் வேண்டாம்டா. சட்டை நுனியில் தேய்த்து, வாயால் ஒரு ஊது ஊதி மாட்டுவோமே, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஊதும்போது எச்சிலும் சேர்ந்துதான் உள்ளே போகும்.

போன மாதம் எங்கள் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போகும் ஃபைபர் லிங்க் விட்டுவிட்டு அறுந்துகொண்டே இருந்தது. சிங்கிள் மோடு, அதாவது ஒளி போகும் பாதை மிக மெலிதான வகை ஃபைபர், 600 மீட்டர்கூட இல்லை. எல்லோரும் ரோடு தோண்டிய ஜேசிபி மேல் பழியைப் போட்டார்கள், நானும்தான். ஹாஸ்டல் பக்கத்தில் புது பேட்ச் கார்டு (ஸ்விட்சில் மாட்டும் குட்டி ஃபைபர் கேபிள்) போட்டேன், ஒரு நாள் ஓடியது, மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. எங்கள் பக்கம் வந்து சேரும் ஒளி மைனஸ் 19.4 டிபிஎம் என்று காட்டியது (ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு, மைனஸ் கூடக் கூட வெளிச்சம் குறைவு), ஸ்விட்சில் செருகி ஒளியை அனுப்பி வாங்கும் அந்த வகை மாட்யூலுக்கு மைனஸ் 19தான் எல்லை.

சரி என்று கார்டைக் கழற்றி, ஃபைபர் முனையைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். புதுக் கார்டின் முனையில், நட்டநடுவில், தோசைக்கல்லில் எண்ணெய் தடவியதுபோல் ஒரு திட்டு! ஒளி போகிற நடுப்பாதை வெறும் 9 மைக்ரான், தலைமுடியை விட எத்தனையோ மடங்கு மெலிது, அதன் மேல் இது உட்கார்ந்தால் என்ன மிஞ்சும்? கார்டை மட்டும் துடைத்து மாட்டினேன், மைனஸ் 13. மறுபடி கழற்றிப் பார்த்தால் அதே திட்டு, கொஞ்சம் சின்னதாக. அழுக்கு இருந்தது அந்தப் பக்க மாட்யூலின் ஒளி அனுப்பும் துளைக்குள். எச்சில் டம்ளரைக் கழுவிய தண்ணீரிலேயே நல்ல டம்ளரை முக்குவது மாதிரி, மாட்டுகிற ஒவ்வொரு கார்டுக்கும் அது தன் பங்கைக் கொடுத்திருக்கிறது. துளைக்குள் கிளிக் பேனாவை (அழுத்தினால் முனையைத் துடைக்கும் பேனா வடிவக் கருவி) விட்டு இரண்டு தடவை அழுத்தி, கார்டையும் திரும்பத் துடைத்துப் போட்டதும் மைனஸ் 7.8. அதாவது 14 மடங்குக்கு மேல் வெளிச்சம். ஜேசிபிக்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் ஸ்விட்சில் ஜிபிஐசி என்ற பழைய பெரிய மாட்யூல் இருந்தால் அதன் துளை எஸ்சி வகை, 2.5 மில்லிமீட்டர் பேனா வாங்கு. எஸ்எஃப்பி என்ற சின்ன மாட்யூல் என்றால் எல்சி வகை, 1.25. முதலில் மாட்யூலைக் கையோடு வெளியே எடுத்துவிடு, எரிகிற போர்ட்டில் கண்ணை வைக்காதே. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது; போன் கேமராவில் 850 நானோமீட்டர் அலைநீள ஒளி மங்கலாகத் தெரியும், 1310 தெரியவே தெரியாது, அதனால் இருட்டாக இருக்கிறதே என்று நம்பிவிடாதே. ஒளி வாங்கும் பக்கத்துத் துளையில் பெரும்பாலும் உள்ளே தள்ளி லென்ஸ்தான் இருக்கும், அங்கே பேனாவைக் குத்தினால் அழுக்கு போகாது, கீறல் விழலாம், அதைச் சும்மா விட்டுவிடு. காய்ந்த முறையில் போகாத எண்ணெய்க்கு மட்டும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், துடைக்கும் குச்சி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது, உடனே காய்ந்த குச்சியால் ஒற்றி எடுக்க வேண்டும். கொரோனா காலத்து சானிடைசர் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதே, கிளிசரின் படிந்து நிற்கும்.

மூடி இல்லை என்று வருத்தப்பட்டாயே, மூடி இருந்தாலும் துடைக்கத்தான் வேண்டும். புது மூடிக்குள்ளேயே பிளாஸ்டிக் பிசுக்கு இருக்கும், நாம் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் சில்லறையோடு போடுகிற ஆட்கள் வேறு.

அப்புறம், பாப்பாவுக்கு மதுரையிலேயே இடம் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் கொண்டுவந்து விடுகிறேன். ஸ்கோப்பையும் பையில் போட்டு எடுத்து வருகிறேன், அதுவரை உன் ஸ்விட்சில் எதையும் மாட்டிவைக்காதே.

அன்புடன்,
செந்தில்