மின்சாரக் காரை விற்கப் போகும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். புனேக்கு மாற்றலாகிப் போவதற்கு முன் உன் நெக்ஸான் மின்சாரக் காரை விற்றுவிட முடிவு செய்திருப்பதையும், பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங்காரர் சொன்ன விலை கட்டுப்படியாகாததால் நீயே நேரடியாக ஆள் பார்த்து விற்க நினைப்பதையும் அப்பா சொன்னார். நேரடியாக விற்பதில் எனக்குச் சம்மதமே. ஆனால், 16 லட்சம் கொடுத்து வாங்கினோம், ஆண்டுக்குப் பத்து சதவீதம் கழித்தாலும் பத்து லட்சத்துக்குக் குறையாது என்று நீ போட்டிருக்கும் கணக்கு பெட்ரோல் காருக்கே சரியாகப் பொருந்தாது. மின்சாரக் காருக்கு அறவே பொருந்தாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். பொறுமையாகப் படி, தம்பி.

முதலில் விலை. பழைய நகையை விற்கப் போனால், எந்த ஆண்டில் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று நகைக்கடைக்காரர் கேட்பதில்லை. அன்றைய விலையையும் மாற்றையும் மட்டுமே பார்ப்பார். உன் காரை வாங்க வருபவரும் இதே மாதிரியை இன்று புதிதாக எடுத்தால் என்ன ஆகும் என்பதையும், இந்த வண்டியின் பேட்டரியில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்பதையும்தான் பார்ப்பார். இந்த இரண்டில் முதலாவது உன் கையில் இல்லை. 2020 ஜனவரியில் நெக்ஸான் மின்சாரக் கார் சந்தைக்கு வந்தபோது, 30.2 கிலோவாட் மணி பேட்டரியும் 312 கிலோமீட்டர் சான்றளிக்கப்பட்ட தூரமும் கொண்ட அந்த வண்டியின் ஷோரூம் விலை 13.99 லட்சத்தில் தொடங்கியது. 2024 பிப்ரவரியில், பேட்டரி செல்களின் விலை இறங்கியதைக் காரணம் காட்டி, டாடா நிறுவனம் அதன் விலையை 1.2 லட்சம் ரூபாய் வரை குறைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 45 கிலோவாட் மணி பேட்டரி பொருத்திய வண்டியே 13.99 லட்சத்தில் தொடங்கியது. அதாவது, நான்கரை ஆண்டுகளில் அதே பணத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பேட்டரி கிடைத்தது. இதற்கிடையே எம்.ஜி. நிறுவனம், பேட்டரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை கட்டும் ஏற்பாட்டில், விண்ட்சர் காரை 9.99 லட்சத்துக்குக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்க, மின்சாரக் கார்களுக்கு முன்பிருந்த 5 சதவீதமே தொடர்ந்ததால், இரண்டுக்கும் இடையே இருந்த விலை வித்தியாசமும் சுருங்கிவிட்டது. இவ்வளவும் தெரிந்த ஒருவர், பழைய மாதிரிக்குப் பத்து லட்சம் தருவாரா என்பதை நீயே யோசித்துப் பார்.

இன்சூரன்ஸ் பாலிசியில் எழுதியிருக்கும் ஐ.டி.வி. தொகையைக் காட்டி விலை கேட்கலாமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். ஐ.டி.வி. என்பது காப்பீட்டுக்காக வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு; கார் நிறுவனம் அறிவித்த விலையிலிருந்து வயதுக்கு ஏற்பக் கழித்து வருவது. நான்கு முதல் ஐந்து வயதுள்ள வண்டிக்குப் பாதி கழியும். திருட்டுக்கும் முழுச் சேதத்துக்கும் நஷ்டஈடு தீர்மானிக்க வந்த எண் அது, சந்தை விலைக்குச் சாட்சி ஆகாது. அதைவிட, உன் வண்டியின் அதே ஆண்டு, அதே வேரியண்ட், ஏறத்தாழ அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகளுக்குச் சென்னையிலும் கோவையிலும் என்ன விலை கேட்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள். மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பவற்றை விட்டுவிடு, ஏனென்றால் அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்பதே அதற்கு அர்த்தம். பிறகு ஆன்லைனில் பழைய வண்டி எடுக்கும் நிறுவனங்கள் இரண்டு மூன்றிடம் மதிப்பீடு வாங்கு. அவர்கள் சொல்வது உன் அடிமட்ட விலை. அவர்கள் குறைத்துக் கேட்பதைத் திருட்டாக நினைக்காதே: பழுது பார்த்து, இடம் கொடுத்து, விற்கும் வரை பணத்தை முடக்கி வைப்பதோடு, தங்கள் லாபத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்ட வேண்டியவர்கள் அவர்கள். தனி மனிதர் தனி மனிதருக்கு விற்கும்போது அந்த வரி கிடையாது. அந்த இடைவெளியை நீயும் வாங்குபவரும் பங்கு போட்டுக்கொள்வதுதான் நேரடி விற்பனையில் இருக்கும் ஒரே ஆதாயம். முழுவதையும் நீயே எடுத்துக்கொள்ள நினைத்தால் வண்டி அபார்ட்மென்டின் கீழ்த்தளத்திலேயே நிற்கும். என் கருத்தில், கேட்கும் விலைக்கும் கடைசியாக விடும் விலைக்கும் நடுவே ஐம்பதாயிரத்துக்கு மேல் இடைவெளி வைக்காதே. லட்சக்கணக்கில் இறங்கி வருபவரை யாரும் நம்புவதில்லை.

இரண்டாவது விஷயமான பேட்டரி உன் கையில் இருக்கிறது. விலை ஏறுவதும் இறங்குவதும் இங்கேதான். பெட்ரோல் வண்டிக்கு ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து முடிவு செய்துவிடுவார்கள். மின்சார வண்டியில் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் எதுவும் இல்லாததால், வருபவரின் பயம் முழுவதும் அந்தப் பெட்டியின் மேலேயே இருக்கும். பயம் இருக்கும் வரை அவர் விலையைக் குறைத்துக்கொண்டே போவார். ஆகவே விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே அதிகாரபூர்வ சேவை மையத்துக்குப் போய், பேட்டரியின் ஆரோக்கிய அளவான எஸ்.ஓ.எச். எத்தனை சதவீதம் என்பதை அச்சிட்ட அறிக்கையாக வாங்கிக்கொள். வாய்வார்த்தையாகச் சொல்வதற்கு மதிப்பில்லை. அதற்கு முன் ஒருமுறை மெதுவான சார்ஜரில் நூறு சதவீதம் வரை ஏற்றிவிடு. உன் வண்டியில் இருப்பது எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி என்பதால், முழுமையாக ஏற்றாமலே பல நாள் ஓட்டினால் மிச்ச அளவைக் காட்டும் கணிப்பு தடுமாறும்.

அறிக்கையோடு ஓட்டப் பரிசோதனை ஒன்றும் வேண்டும். முழு சார்ஜில் புறப்பட்டு, வழக்கமான வேகத்தில், ஏ.சி. போட்டுக்கொண்டு, இருபது சதவீதம் வரும் வரை ஓட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் டேஷ்போர்டைப் படம் எடுத்துக்கொள். எண்பது சதவீதத்தில் 150 கிலோமீட்டர் ஓடியிருந்தால், முழு சார்ஜில் ஏறக்குறைய 187 என்று வாங்குபவரே கணக்குப் போட்டுக்கொள்வார். விளம்பரத்தில் 312 என்று மட்டும் போடாதே. அது சோதனைக்கூட எண். நிஜத்தில் ஓடும் தூரத்தை நீயே முந்திக்கொண்டு சொன்னால், மற்றதிலும் உன் பேச்சை நம்புவார்கள். டி.சி. ஃபாஸ்ட் சார்ஜரில் ஒருமுறை போட்டு, அந்த இணைப்பும் வேலை செய்வதை ரசீதோடு காட்டு. முன்பக்கம் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி பழையதாக இருந்தால் மாற்றிவிடு. அது பலவீனமானால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் எரியும். அதைப் பார்ப்பவர் பெரிய பேட்டரியே போய்விட்டது என்று நினைப்பார்.

உத்தரவாதம் அடுத்தது. உன் வண்டியின் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அதுவரை. 2021 இறுதியில் வாங்கியது என்பதால் 2029 வரை இருக்கிறது; பழைய மின்சாரக் காரில் வாங்குபவர் உண்மையில் காசு கொடுப்பது இந்த மிச்ச ஆண்டுகளுக்குத்தான். உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்குத் தொடர என்னென்ன நிபந்தனைகள் என்பதை உன் வண்டி எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு வாங்கி, சர்வீஸ் பில்களோடு ஒரே கோப்பில் வை. புனே போய் ஓராண்டு கழித்து விற்கலாமே என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடு; அந்த ஓராண்டில் ஓர் ஆண்டு உத்தரவாதம் குறையும், புது வண்டிகளின் பேட்டரி இன்னும் பெரிதாகும்.

பின் பம்பரில் இருக்கும் கீறலை விளம்பரத்திலேயே படத்தோடு சொல்லிவிடு. வாங்கத் தெரிந்தவர்கள் இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். உனக்கு 45 சதவீதம் இருப்பதே, நான்கு ஆண்டுகளாகப் பெரிய விபத்து எதற்கும் நீ கிளெய்ம் வாங்கவில்லை என்பதற்கு ஆதாரம். ஓட்டிப் பார்க்க வருபவரின் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, நீயும் பக்கத்தில் உட்கார்ந்து போ. வண்டியோடு வந்த 15 ஆம்பியர் சார்ஜர் கேபிளைச் சேர்த்தே கொடு. சுவரில் பொருத்திய சார்ஜரைத் தனி விலையாகப் பேசு. சொந்தமாகப் பார்க்கிங் இல்லாதவருக்கு அது பயன்படாது.

இனி நான் வேலை பார்த்த பக்கம். கடன் முடிந்துவிட்டது என்றாலும், ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறது. வங்கியிடம் தடையில்லாச் சான்றும் கையொப்பமிட்ட 35ஆம் படிவமும் வாங்கி அதை நீக்கிய பிறகே விளம்பரம் கொடு. பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் படிவங்கள் வேண்டும். இந்த இரண்டிலும் வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று புரோக்கர்கள் சொல்வார்கள், ஒருபோதும் செய்யாதே. எப்போதோ விற்ற வண்டிக்கு விபத்து வழக்கில் நோட்டீஸ் வந்து, கையில் அதை வைத்துக்கொண்டு எங்கள் அலுவலக வாசலில் நின்றவர்கள் அனைவரும் அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள்தான். கை மாறிக் கை மாறிப் போன ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் நீ தெரிவிக்க வேண்டும், 30 நாட்களுக்குள் வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அவரையே நம்பிக் காத்திராமல், விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்தே போட்டுவிடுவது நல்லது. பாலக்காட்டிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ ஆள் வந்தால் 28ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று எடுக்க வேண்டியிருக்கும். இங்கே மின்சார வண்டி என்பதால் உனக்குச் சாலை வரி விலக்குக் கிடைத்தது. அங்கே என்ன வரி விழும் என்பதை அவர் விசாரித்துக்கொண்டு வரட்டும், அதை உன் விலையில் கழிக்க விடாதே.

பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்கு. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு, வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். ஆர்.டி.ஜி.எஸ். போட்டதாகப் போனில் காட்டும் படத்தை நம்பாமல், உன் கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்த பிறகே சாவியைக் கொடு. கொடுக்கும் தேதியோடு நேரத்தையும், ஓடிய கிலோமீட்டரையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி ரசீது ஒன்றை வைத்துக்கொள். அன்றே ஃபாஸ்டேக்கை மூடிவிடு. அதை மூடாவிட்டால் அவரால் புதியது வாங்க முடியாது, சுங்கச்சாவடிக் கட்டணமும் உன் கணக்கில் கழியும். வண்டியோடு இணைந்த செயலியிலிருந்து உன் பெயரை நீக்குவதை இளைஞர்கள்தான் அதிகம் மறக்கிறார்கள். விற்ற பிறகும் வண்டி எங்கே நிற்கிறது என்று உன் போனில் தெரிந்துகொண்டிருந்தால் அது அவருக்கும் நல்லதல்ல, உனக்கும் நல்லதல்ல. நிலுவையில் இ-சலான் இருக்கிறதா என்றும் பார்.

பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கிடைத்ததும், அதைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் நோ கிளெய்ம் போனஸுக்கான சான்றிதழ் எழுதி வாங்கு. அந்த 45 சதவீதம் உன்னுடையது, வண்டியுடையது அல்ல. மூன்று ஆண்டுகளுக்குள் புனேயில் வேறு கார் எடுத்தால் அந்தப் பாலிசியில் கழித்துக்கொள்ளலாம். சான்றிதழின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பிவை, கோப்பில் சேர்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா