காலுக்குக் கால் பங்கு

அன்புள்ள நடராஜா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை அறுவை செய்துகொண்டதால் உடனே எழுத முடியவில்லை. இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது. தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்தேன், ஏன் பார்த்தோம் என்றாகிவிட்டது. உன் பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். அவன் பாதம் பஞ்சு மாதிரி இருக்கும். நம்முடையது வறண்ட ஏரி.

சரி, நீ கேட்ட கிரீம் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோயால் வறண்டு வெடிக்கும் நம் பாதத்துக்கு எந்தக் கிரீமை வாங்கினால் கட்டுப்படியாகும் என்று கேட்டிருந்தாய். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. 50 கிராம் டியூப் ஒன்றை மூன்று மாதம் ஓட்டுவேன். போன தடவை பாதப் பரிசோதனைக்குப் போனபோது இதை நர்ஸம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அவர் விரலை நீட்டச் சொன்னார். ஆள்காட்டி விரலின் நுனிக் கணுவிலிருந்து முனை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். ஒரு பாதத்துக்கு அப்படி இரண்டு வேண்டும். ஆக இரண்டு காலுக்கும் ஒரு வேளைக்கு 2 கிராம். நாளுக்கு ஒரு வேளை என்றால் 50 கிராம் டியூப் 25 நாளில் தீர வேண்டும். நான் போட்டுவந்தது அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். காலுக்குக் கால் பங்கு! சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; உண்மையில் பூசாமலே இருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து டியூப் விலையைப் பார்ப்பதில்லை. விலையை எடையால் வகுத்து, ஒரு கிராம் என்ன ஆகிறது என்று பார்க்கிறேன். 200 கிராம் டப்பா இரண்டு மடங்கு விலை என்று முன்பெல்லாம் ஒதுக்கிவிடுவேன். கணக்குப் போட்டால் கிராமுக்குப் பாதி விலைதான். அப்புறம், 'சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கென்றே' என்று அட்டையில் போட்டால் விலை ஏறுகிறது. உள்ளே இருப்பது பல சமயம் பக்கத்து டப்பாவில் இருக்கும் அதே கிளிசரின், அதே யூரியா.

யூரியா என்றதும் வயலுக்குப் போடுவதா என்று சிரிப்பாய். பொருள் அதேதான், ஆனால் உரமூட்டையைப் பிரித்துவிடாதே! நம் தோலிலேயே இயற்கையாகக் கொஞ்சம் இருக்கிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கும். 10 சதவீதம் இருந்தால் வறட்சிக்குப் போதும். 20, 25 என்று ஏறினால் தடித்த தோலை இளக்கும். 40 சதவீதமெல்லாம் டாக்டர் சொல்லாமல் நம் போன்றவர்கள் தொடக் கூடாது.

வாஸ்லின் வேறு வகை. அது ஈரத்தைத் தராது, இருப்பதை வெளியே விடாமல் மூடி போடும். அதனால் கழுவித் துடைத்த கையோடு பூசினால்தான் பலன். கிராம் கணக்கில் அது மலிவுதான். ஆனால் பிசுக்கு. பூசிவிட்டு வெறுங்காலோடு நடந்து குளியலறை வாசலில் வழுக்கப் பார்த்தேன். இப்போது படுக்கப் போகும்போது பூசி, தளர்வான பருத்திக் காலுறை போட்டுக்கொள்கிறேன்.

நான் கண்ட வழி இதுதான்: யூரியா கிரீம் குதிகாலுக்கு மட்டும், மற்ற இடத்துக்கு சாதா கிரீம். விலை கூடியது கொஞ்சமாகத்தான் செலவாகிறது. இரண்டில் எதையும் விரல் இடுக்கில் பூசுவதே இல்லை. அங்கே ஈரம் தங்கினால் ஊறிப்போய் பூஞ்சை வரும். வெடிப்பில் ரத்தமோ நீரோ கசிந்தால் கிரீம் ஆராய்ச்சியை விட்டுவிட்டு அன்றே டாக்டரிடம் போ. வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதே; சர்க்கரையால் உணர்ச்சி நரம்பு கெட்டால் வலி தெரியாது. உணர்ச்சி இருக்கிறதா என்று பரிசோதனையில் நைலான் இழையால் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தபோது நான்கு இடத்தில் எனக்குத் தெரியவே இல்லை. வியர்வையை நடத்தும் நரம்பும் அதே சர்க்கரையால்தான் கெடுகிறது. காலில் வியர்ப்பது நின்றுபோய்த் தோல் காய்வது அதனால்தான்.

நீ இப்போது பூசுவதில் யூரியா எத்தனை சதவீதம் என்று டப்பாவின் பின்பக்கம் பார்த்து எழுது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார், எழுத்து பொடிப்பொடியாக இருக்கும்.

அன்புடன்,
சுந்தரம்