நீ வந்து ஒரு பருவம் பாடம் எடுக்க வேண்டும்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். முட்டிவலியைப் பற்றிக் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் கேட்கவில்லை. நெட்டையன் பேசினான், இன்னும் அதே பல்லவிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பருவத்தோடு நான் ஓய்வு பெறுகிறேன். எப்படியும் வரவேண்டிய நாள் என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் பணியிடத்தை நிரப்பப் போவதில்லை என்றும், நான் எடுக்கும் பணிச்சூழலியலை (எர்கோனாமிக்ஸ்) விருப்பப் பாடமாக்கிவிடலாம் என்றும் துறையில் பேச்சு நடக்கிறது. இயந்திரத்தை இயக்குபவரின் கையும் கண்ணும் நினைவும் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரு நாள்கூடப் படிக்காமல், அந்த இயந்திரத்தை வடிவமைக்கும் பட்டத்தை மட்டும் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அண்மையில் ஓர் ஆலை விபத்தின் விசாரணைக் குழுவில் இருந்தேன். இரவுப் பணியிலிருந்த ஆபரேட்டர், அலாரத்தை அடக்கும் பொத்தான் என்று நினைத்துக் குளிர்நீர் பம்பை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டார். 'கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடத் தயாராக இருந்தார்கள். நான் அந்தப் பலகையின் முன்னால் போய் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பொத்தான்களும் ஒரே அளவு, ஒரே சிவப்பு. இடையில் ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லை. மேலே எழுதியிருந்தது தேய்ந்து போயிருந்தது. கனத்த கையுறையை மாட்டிக்கொண்டு அழுத்தினேன். ஒரே அழுத்தில் இரண்டும் இறங்கின. அதற்குப் பிறகு அந்த மனிதரை எப்படிக் குற்றம் சொல்வது?

1943-இல் அமெரிக்க உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் கண்டதும் இதையேதான். பி-17 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள் தரையிறங்கிய பின் இறக்கையின் பின்னோர மடிப்புகளை (ஃபிளாப்) மடக்குவதாக நினைத்துச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். இரண்டு கட்டுப்பாடுகளும் அருகருகே, ஒன்றுபோலவே இருந்தன. அவர் விமானிகளைத் திட்டவில்லை. சக்கரத்துக்கான பிடியில் ஒரு சிறிய ரப்பர் சக்கரத்தையும், மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். அதன் பிறகு இருட்டிலும் கையே வித்தியாசத்தை அறிந்துகொண்டது.

இத்தனை தெரிந்திருந்தும் 1979-இல் அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணு உலையில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. அழுத்தம் குறைக்கும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பலகையிலிருந்த விளக்கோ, வால்வு மூடியதா என்பதைக் காட்டாமல், மூடச் சொல்லிக் கட்டளை போனதா என்பதை மட்டுமே காட்டியது. விளக்கு அணைந்ததும் வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் நம்பினார்கள். குளிர்நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறிக்கொண்டே இருந்தது.

எல்லாம் தானியங்கி ஆகிவிட்டது, இனி இந்தப் பாடம் எதற்கு என்று இளைய சகாக்கள் கேட்கிறார்கள். உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-லேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்: வடிவமைப்பாளரால் தானியங்கியாக்க முடியாமல் மிஞ்சும் வேலைதான் மனிதரிடம் வந்து சேர்கிறது. நாள் முழுவதும் சும்மா கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, நிலைமை கைமீறும் நொடியில் முழுத் திறமையோடு அவர் செயல்பட வேண்டுமாம். கை பழகாத வேலையை யாரால் அப்படிச் செய்ய முடியும்?

நல்ல செய்தியும் உண்டு. என் குறிப்பைக் குழு ஏற்றுக்கொண்டது. அந்த ஆபரேட்டர் வேலைக்குத் திரும்பிவிட்டார். பலகையை மாற்றப் போகிறார்கள்.

இப்போது என் வேண்டுகோள். நீ வாழ்நாளெல்லாம் ஷிப்டில் நின்றவன். எந்த நெம்புகோல் எந்த நேரத்தில் கையை ஏமாற்றும் என்பது என்னைவிட உனக்குத்தான் தெரியும். அடுத்த பருவம் வருகைப் பேராசிரியராக வந்து இந்தப் பாடத்தை எடு. மாணவர்களை வகுப்பில் உட்கார வைக்காமல் ஓர் இரவுப் பணிக்கு அழைத்துப் போ. மேடை என்றாலே உனக்குக் கை நடுங்கும் என்று தாடிக்காரன் இன்னும் சொல்லிச் சிரிப்பான், சிரிக்கட்டும். பாடம் ஒரு பருவமாவது தொடர்ந்து நடந்தால் அதை எடுத்துவிடுவது எளிதல்ல. மாத இறுதிக்குள் துறைக்குப் பெயர் கொடுத்தாக வேண்டும். அதற்குள் பதில் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்