பெட்ராவுக்கும் ஓர் இடம்: ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். க்ளீவ்லேண்டிலுள்ள உங்கள் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பரிந்துரைப் பட்டியலில் பெட்ரா என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் குழுவின் பெயர் இதுவரை இடம்பெற்றதில்லை. முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. 1974-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்ட இந்தக் குழுவுக்கு அந்தத் தகுதி கடந்த நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அடுத்த பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

ராக் இசை தேவாலயத்துக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். நற்செய்திப் பாடல் குழுவான சோல் ஸ்டிரரர்ஸை 1989-இலும், நற்செய்திப் பாடகி மஹாலியா ஜாக்சனை 1997-இலும், மின் கிட்டாரை ஏந்தி நற்செய்திப் பாடல்களைப் பாடிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பை 2018-இலும், ராக்குக்கு வித்திட்ட முன்னோடிகள் என்ற வரிசையில் நீங்களே சேர்த்துக் கொண்டீர்கள். ஆனால் அந்த ராக்கைக் கையிலெடுத்துக்கொண்டு மறுபடியும் ஆலய வாசலுக்குப் போனவர்களின் கதைக்கு உங்கள் அரங்கில் இடமில்லை. கிறிஸ்தவ ராக் பாடகர் லாரி நார்மன் 1972-இல் வெளியிட்ட ஆல்பத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்துவிட்டது. அவர் தனி மனிதராகத் தொடங்கி வைத்ததை ஒரு குழுவாக நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திக் காட்டியது பெட்ரா.

1972-இல், இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெயின் நகரில், கிட்டார் கலைஞர் பாப் ஹார்ட்மன் இந்தக் குழுவைத் தொடங்கினார். வரிகளில் இயேசு இருந்ததால் பொது வானொலி நிலையங்கள் அவர்களை ஒலிபரப்பத் தயங்கின. கிட்டார் உரக்க ஒலித்ததால் சபைகள் கதவைச் சாத்தின. முதல் மூன்று ஆல்பங்களையும் உயர்ந்த படைப்புகள் என்று நான் வாதிடப் போவதில்லை. தங்கள் குரல் எது என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. 1981-இல் வெளிவந்த 'நெவர் சே டை' ஆல்பத்தில்தான் அந்தத் தேடல் முடிந்தது. கிரெக் எக்ஸ். வோல்ஸின் உச்சக் குரலும், ஜோனதன் டேவிட் பிரவுனின் தயாரிப்பும், ஹார்ட்மனின் வேதம் தோய்ந்த வரிகளும் அதில் ஒன்றுகூடின. 'தி கலரிங் சாங்' என்ற மென்மையான பாடல் கிறிஸ்தவ வானொலிகளில் வழி திறந்துவிட, அதன் பின்னாலேயே வன்மையான பாடல்களும் உள்ளே நுழைந்தன. அடுத்து வந்த 'மோர் பவர் டு யா' (1982), 'நாட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' (1983) ஆகிய இரண்டையும் இன்று கேட்டாலும் ஒரு பாடலைத் தாண்டிச் செல்ல மனம் வருவதில்லை.

அந்த ஆண்டுகளின் சூழலை நினைவூட்ட விரும்புகிறேன். ராக் இசைத்தட்டுகளைப் பின்னோக்கிச் சுழற்றினால் சாத்தானின் செய்தி கேட்கும் என்று அமெரிக்காவெங்கும் பரப்புரை நடந்துகொண்டிருந்தது. 'மோர் பவர் டு யா' ஆல்பத்திலுள்ள 'ஜூடஸ் கிஸ்' பாடலின் தொடக்கத்தில் பெட்ரா வேண்டுமென்றே ஒரு வாசகத்தைப் பின்னோக்கிப் பதித்தது. மெனக்கெட்டுத் திருப்பிப் போட்டுக் கேட்டவர்களுக்கு, ஆண்டவரைத் தேட வேண்டிய நீங்கள் ஏன் பிசாசைத் தேடுகிறீர்கள் என்ற கேள்வி காத்திருந்தது. 1980களின் நடுவில் வந்த 'பீட் தி சிஸ்டம்' ஆல்பத்தின் 'விட்ச் ஹன்ட்' (சூனியக்காரி வேட்டை) பாடலும் இப்படிக் குற்றம் தேடி அலையும் வேட்டையைப் பற்றியதுதான். எதிர்ப்பு அத்தோடு ஓயவில்லை. தொலைக்காட்சிப் போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட் 1987-இல் கிறிஸ்தவ ராக்கைக் கண்டித்து ஒரு நூலே வெளியிட்டார். தம்மைப் பழித்த சபைகளை விட்டு விலகாமலும், அவற்றுக்காக இசையின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளாமலும் நின்றவர்கள் இவர்கள். அதிகாரத்துக்குப் பணியாத இசை என்று ராக்கைக் கொண்டாடும் உங்களுக்கு இந்த நெஞ்சுரம் புரியாமல் போகாது.

வோல்ஸ் விலகியபோது பெட்ராவின் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். 1986-இல் அந்த இடத்துக்கு வந்தவர், ஹெட் ஈஸ்ட் என்ற ராக் குழுவில் பாடிப் புகழ்பெற்று, போதையால் அந்த வாழ்வை இழந்து, பின்பு விசுவாசத்துக்குள் வந்து பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜான் ஷ்லிட். முரடும் கனிவும் கலந்த அந்தக் குரலோடு 'திஸ் மீன்ஸ் வார்!', 'ஆன் ஃபயர்!' ஆகியவை வந்தன. 1990-இல் ஜான், டீனோ எலஃபான்டி சகோதரர்கள் தயாரித்த 'பியாண்ட் பிலீஃப்' வெளிவந்து முதல் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. மொத்தம் நான்கு கிராமி விருதுகள். 2000-இல் நற்செய்தி இசைச் சங்கத்தின் புகழ் அரங்கில் சேர்க்கப்பட்ட முதல் ராக் குழுவும் இதுவே.

ஆனால் விருதுகளைவிட முக்கியமானதாக நான் கருதுவது 1989-இல் வந்த 'பெட்ரா பிரெய்ஸ்: தி ராக் க்ரைஸ் அவுட்' ஆல்பத்தைத்தான். சபைகளில் பாடப்பட்டுவந்த துதிப் பாடல்களை முழு ராக் குழுவின் பலத்தோடு அது பாடியது. இன்று உலகமெங்கும் எத்தனையோ சபைகளின் ஞாயிறு ஆராதனையில் டிரம்ஸும் மின் கிட்டாரும் இயல்பாக ஒலிக்கின்றன. அந்த மாற்றம் பரவுவதற்கு வெகு முன்பே, ராக் வடிவில் ஆராதனை செய்ய முடியும் என்று ஒரு பெரிய குழு தன் பெயரைப் பணயம் வைத்துக் காட்டியது. கோடிக்கணக்கானோர் வாரந்தோறும் பாடும் முறையையே மாற்றியமைத்த ஓர் ஓட்டத்தின் முன்னணியில் நின்றவர்களுக்கு ராக் வரலாற்றில் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

தொண்ணூறுகளின் இரண்டாம் பாதி அவர்களுக்குத் தளர்ச்சியான காலம். குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எனினும் 2003-இல், நியூஸ்பாய்ஸ் குழுவின் பீட்டர் ஃபர்லர் தயாரித்த 'ஜெக்கில் அண்ட் ஹைட்' ஆல்பத்தில், அவர்கள் வாழ்நாளிலேயே மிகக் கடுமையான ஒலியோடு திரும்பி வந்தார்கள். 2005-இன் இறுதியில் டென்னசியில் விடைபெற்றார்கள். பின்னர் வெவ்வேறு தருணங்களில் மீண்டும் மேடை ஏறினார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. கலைஞர்களுக்கான பொதுப் பிரிவில் பெட்ராவைப் பரிந்துரையுங்கள். அது இயலாதென்றால், வாக்கெடுப்புக்கு அப்பால் குழுவே தேர்ந்தெடுக்கும் இசை மேன்மைக்கான விருதுக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். அப்படித் தேர்ந்தெடுக்கும்போது ஹார்ட்மனை மட்டும் அழைக்காமல், வோல்ஸ், ஷ்லிட் ஆகிய இரு பாடகர்களையும், நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்த லூயி வீவரையும், கீபோர்டு கலைஞர் ஜான் லாரியையும் சேர்த்தே அழையுங்கள். இவர்களில் ஒருவரை விட்டாலும் அந்த ஆல்பங்களின் கணக்கு நேராகாது.

மரியாதையுடன்,
பெட்ராவின் தமிழ் ரசிகர் ஒருவர்