இருட்டிய பிறகு விளம்பர விமானங்கள் வேண்டாம்: வான்போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இறக்கைக்கு அடியில் எல்இடி பலகையைக் கட்டிக்கொண்டு ராத்திரியில் ஊருக்கு மேலே வட்டமடிக்கும் சிறு விமானங்களைப் பற்றி எழுதுகிறேன். அவற்றுக்கு அனுமதி தருவதும் மறுப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. இருட்டிய பிறகு விளம்பரத்துக்காக மட்டும் பறக்கும் விமானங்களுக்கு இனி அனுமதி தராதீர்கள். இதுதான் என் கோரிக்கை.

இந்த வித்தை புதிதல்ல என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். குட்இயர் டயர் நிறுவனத்தின் வான்கப்பல்கள், அதாவது வாயு நிரப்பிய ராட்சத பலூன்கள், 1930களிலேயே நியான் எழுத்துகளைச் சுமந்து பறந்தன. 1960களில் ஆயிரக்கணக்கான வண்ண பல்புகளைப் பக்கவாட்டில் பதித்து, ஓடும் எழுத்துகளையும் காட்டினார்கள். அப்புறம் சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனால் பல்புகளும் அவற்றைத் தாங்கும் சட்டகங்களும் கனமானவை, மின்சாரமும் நிறையத் தின்பவை. அந்தக் கனம்தான் இத்தனை காலம் ஒரு கடிவாளமாக இருந்தது. எல்இடி அதை அவிழ்த்துவிட்டது. இப்போது பலகையின் எடையும் குறைவு, மின்செலவும் குறைவு, வெளிச்சமோ பல மடங்கு. கடிவாளத்தை இனி நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

சரி, இத்தனை வெளிச்சத்தையும் யார் படிக்கிறார்கள்? விமானத்துக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே, எழுத்து நேராகத் தெரியும் கோணத்தில் இருப்பவர்கள் படிக்கலாம். கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எழுத்துகள் ஒன்றோடொன்று நசுங்கி, ஒரே கோடாகிவிடும். எழுத்து ஓட ஓட, அந்தக் கோட்டில் விளக்குகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவது மட்டும் தெரியும். ஏதோ ஒரு தட்டு தன்னைத்தானே சுற்றுவது போலிருக்கும். 1970களில் அமெரிக்காவில் பறக்கும் தட்டைப் பார்த்ததாக வந்த தகவல்களை ஒவ்வொன்றாக விசாரித்த ஆலன் ஹெண்ட்ரி, அவற்றில் கணிசமானவற்றுக்கு விளம்பர விமானங்களே காரணம் என்று கண்டுபிடித்தார். பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. சுழலும் வட்டையும் அதன் ஜன்னல்களையும் கண்டதாக அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். சிலர் பயந்தும் போனார்கள். ஒரு சிலர் படிப்பதற்காக, ஊரில் மற்ற எல்லோரும் புரியாத வெளிச்சத்தைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் துறைக்குள்ளேயே ஒரு விதி இருக்கிறது. விமானத்தின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, வாலில் வெள்ளை. எந்த விமானம் எந்தப் பக்கம் போகிறது என்பதை இன்னொரு விமானி இருட்டில் கண்ணால் அறிந்துகொள்ள இவைதான் வழி. இந்த விளக்குகளாகத் தவறாக நினைக்கக்கூடிய வேறு விளக்குகளைக் காட்டக் கூடாது என்று சர்வதேச வான்போக்குவரத்து அமைப்பின் விதிகள் சொல்கின்றன. சிவப்பும் பச்சையும் வெள்ளையும் மாறி மாறி ஓடும் பலகைக்கு அனுமதி தரும்போது, இந்த விதியை எப்படிப் பொருத்திப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொதுமக்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

பாதுகாப்பை நீங்கள் எப்படியும் பார்த்துக்கொள்வீர்கள். என் கவலை இருட்டைப் பற்றியது. இருட்டுக்கு நம் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கிறது. அதற்குப் பிறகுதான் மங்கலான விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும். ஒரு குழந்தைக்குக் கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போது வெள்ளை எல்இடி பலகை தலைக்கு மேலே வந்தால், அந்தப் பழக்கம் சில விநாடிகளில் போய்விடும். மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். விமானமோ வட்டமடிப்பது, கண் பழகுவதற்குள் திரும்பி வந்துவிடும். 2011 முதல் 2022 வரை உலகம் முழுவதும் மக்கள் விண்மீன்களைப் பார்த்து அனுப்பிய குறிப்புகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடிக்கொண்டே போகிறது என்று 2023இல் அறிவித்தார்கள். தெருவிளக்கிலிருந்து வானுக்குப் போவது சிந்திய வெளிச்சம். அதற்கு மூடி போடலாம், கீழ்நோக்கித் திருப்பலாம். விளம்பர விமானத்தில் கண்ணில் விழும் வெளிச்சம்தான் விற்பனைச் சரக்கே. மூடி போட்டால் பிழைப்பு நடக்காது. அதனால்தான் நிபந்தனைகள் போதாது, அனுமதியே கூடாது என்கிறேன்.

பறவைகளையும் சொல்லியாக வேண்டும். வலசைப் பறவைகளில் பல இரவில்தான் பயணம் செய்கின்றன. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஆண்டுக்கு ஓர் இரவு வானை நோக்கிப் பாய்ச்சும் ஒளிக்கற்றைகள், ஏழு ஆண்டுகளின் ஏழு இரவுகளில் ஏறக்குறைய 11 லட்சம் பறவைகளைத் திசைதிருப்பியதாக 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. விளக்கை அணைத்ததும் பறவைகள் கலைந்து தம் வழியே போய்விட்டன. விமானப் பலகை அந்த அளவு சக்தியுள்ளதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது ஆண்டுக்கு ஓர் இரவோடு நிற்பதும் இல்லை.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. பூமியிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும்படி விண்வெளியில் விளம்பரம் வைப்பதற்கான ஏவுதலுக்கு உரிமம் தரக் கூடாது என்று அமெரிக்கா 2000இல் சட்டமே போட்டது. 1990களில் ஒரு நிறுவனம் அப்படி ஒரு பெரிய பலகையை விண்ணில் நிறுத்தத் திட்டமிட்டு, பெரும் எதிர்ப்பைச் சந்தித்திருந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் வேண்டாம் என்று முடிவெடுத்த விளம்பரம், ஆயிரம் அடி உயரத்தில், சத்தத்தோடு வந்தால் மட்டும் எப்படிச் சரியாகும்? அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் உள்ள ஹொனலூலு நகரம் வான் விளம்பரத்தைப் பகலிலும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. பேச்சுரிமையைக் காட்டி அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் தடை செல்லும் என்றது. ஆகவே, சட்டப்படி முடியாது என்று யாரும் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை.

தாமதித்தால் இது இன்னும் கடினமாகும். 2021இல் ஷாங்காயில் 1,500 ட்ரோன்கள் சேர்ந்து வானத்தில் க்யூஆர் கோடு வரைந்தன. 2022இல் ஒரு கைபேசி விளையாட்டுக்காக 500 ட்ரோன்கள் நியூயார்க் வானத்தில் விளம்பரம் காட்டின. அந்த நகரத்திலிருந்து ட்ரோன் ஏற்றத் தடை இருந்ததால், ஆற்றின் மறுகரையில் உள்ள நியூஜெர்சியிலிருந்து ஏற்றினார்கள். எனவே புறப்படும் இடத்தை மட்டும் பார்க்காமல், வெளிச்சம் எங்கே தெரிகிறது என்பதையும் விதிக்குள் கொண்டுவாருங்கள்.

விமானிகளின் பிழைப்பைக் கெடுக்க எனக்கு ஆசையில்லை. பகலில் பேனர் இழுப்பதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. வெள்ளம், தீ போன்ற ஆபத்து நேரத்தில் மக்களை எச்சரிக்க ஒளிரும் பலகை உதவும் என்றால், அதற்கு விலக்கு கொடுங்கள். முழுத்தடைக்குக் காலம் பிடிக்கும் என்றால், இந்த ஆண்டே ஒன்றைச் செய்யலாம். இரவு விளம்பரப் பறத்தலுக்கு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும், எந்தத் தேதி, எந்த நேரம், எந்தப் பாதை, எத்தனை சுற்று என்ற விவரங்களோடு முன்கூட்டியே வெளியிடுங்கள். கீழே இருப்பவர்கள் ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் கொடுங்கள். அந்த ஆட்சேபங்களைப் படித்துப் பதில் எழுதிய பிறகே முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
இரவு வானத்தைப் பார்க்க விரும்பும் ஒருவர்